இடையன் முதுகிற் கிடந்த பறி

இந்தத் தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் பெரிய நூல்களையும் பெரிய புலவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரேயொரு சொல்லோடு வந்திருக்கிறேன். 'பறி' என்பது அந்தச் சொல். குளத்தில் மீனுக்கு வைக்கிற பறியை நினைத்துவிடாதீர்கள். மழைக்கு இடையன் தன் முதுகிலே போட்டுக்கொள்கிற பனையோலைப் பாய்க்கும் பழந்தமிழில் பறி என்று பெயர்.

நற்றிணையின் 142ஆம் பாட்டில் அந்த இடையன் நிற்கிறான். பாடியவர் இடைக்காடனார். மழைக்காலத்தின் கடைசி நாள். பால் விற்கிறவன் அவன். உறி, தீக்கடைகோல், பை எல்லாவற்றையும் ஒரு தோலுக்குள் சுருட்டிக் கட்டியிருக்கிறான். முதுகிலே பறி. தூறல் அவனது உடம்பின் ஒரு பக்கத்தை மாத்திரம் நனைக்கிறது. கோலை ஊன்றி, ஒரு காலை அதன்மேல் வைத்து ஒடுங்கி நின்றபடி வாயை மடித்து விளி கொடுக்கிறான். சிதறிய ஆட்டுக்கூட்டம் அந்த ஒலிக்கு மயங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. குறுந்தொகையின் 221ஆம் பாட்டிலும் இப்படி ஒருவன் வருகிறான். பாலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கூழோடு திரும்பிப் போகிறான். அவன் கூட்டத்தார் கையிலும் பறி இருக்கிறது.

நான் முப்பத்தொரு வருடங்கள் தமிழ் படிப்பித்தவள். "பறி என்றால் ஓலைப்பாய்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். ஆடு நிற்கிறது, மழை பெய்கிறது, குளிர் அடிக்கிறது. அப்படியிருக்க இவன் ஏன் ஆட்டின் மயிரைப் போர்த்தாமல் பனையோலையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறான் என்று ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி 2018ஆம் ஆண்டு ஆடி மாதம் எனது வீட்டு முற்றத்துக்கு வந்தது. அது வந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எனது தங்கை நோர்வேயில் இருக்கிறாள். எண்பதுகளில் எங்கள் பிள்ளைகள் பலர் அங்கு போய், வடகோடியிலுள்ள மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து ஊன்றிக்கொண்டது நீங்கள் அறிந்தது. தங்கையின் கணவரும் அப்படிப் போனவர்தான். வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலே இருண்டு கிடக்கிற அந்த ஊர்க் குளிர்காலத்தில் அவள் ஒரு கைவேலை வகுப்புக்குப் போயிருக்கிறாள். செம்மறியாட்டு மயிரை நூற்காமலும் நெய்யாமலும் சும்மா நனைத்து, தேய்த்து, உருட்டித் துணியாக்குகிற வேலை அது. அந்தச் செய்கைக்கு அவர்கள் ஊரில் வழங்குகிற பெயரைச் சொன்னாள். எனது நாக்கில் நிற்கவில்லை. காஷ்மீரத்திலும் இராஜஸ்தானத்துத் தோங்கிலும் இப்படிச் செய்கிற விரிப்பை நம்தா என்பார்கள். நாங்கள் வீட்டுப் பேச்சுக்கு 'மிதிகம்பளி' என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

விடுமுறைக்கு வந்தபோது அவள் ஒரு பெரிய பையிலே மயிர் கொண்டுவந்தாள். கழுவி வைத்திருந்தபோதும் பையைத் திறந்ததும் ஆட்டுப்பட்டி மணம் வீடு முழுக்க எழுந்தது. கையில் எடுத்தால் ஒருவகைப் பசை ஒட்டியது. ஆட்டின் தோலில் ஊறுகிற கொழுப்பாம். குளிர்நாட்டு ஆடு மழையில் நனையாமல் இருப்பதற்கு இயற்கை பூசிவிட்ட எண்ணெய். இதை மேலும் சுத்தமாக்கி முகத்துக்குப் பூசும் களிம்புகளில் கலக்கிறார்கள் என்று சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை முற்றத்து மாமர நிழலில் நடந்தது. கம்பிப் பல் வைத்த இரண்டு தூரிகைகளுக்கு நடுவில் மயிரைக் கொடுத்து வாரினாள். சிக்கெடுத்த மயிர் புகைபோல வந்தது. மேசைமேல் செருப்பின் அளவிலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக வெட்டிய ஒரு பொலித்தீன் அச்சு. அதன்மேல் மயிரை ஒரு வரிசை நெடுக்காகவும் அதற்குமேல் ஒரு வரிசை குறுக்காகவும், இப்படி நான்கு வரிசை பரப்பினாள். அதன்மேல் எங்கள் பழைய நுளம்புவலையின் துண்டொன்றை விரித்து, சன்லைட் சவர்க்காரம் கரைத்த சுடுதண்ணீரைத் தெளித்து, முதலில் பூவைத் தொடுவதுபோல உள்ளங்கையால் அழுத்தினாள். பிறகு தேய்த்தாள். பிறகு, "அக்கா, பாய் ஒன்று தா" என்றாள்.

வீட்டிலிருந்தது முள்ளியவளைப் பக்கத்து ஆச்சி ஒருவர் இழைத்துத் தந்த பன்பாய். புதுப்பாய். கொடுக்க எனக்கு மனமில்லை. மத்திய ஆசியாவிலும் இதை நாணற் பாயிலேதான் சுருட்டுகிறார்கள் என்றாள். கொடுத்தேன். ஈர மயிரைப் பாய்க்குள் வைத்து, உலக்கையை நடுவில் கொடுத்துச் சுருட்டி, கயிற்றால் கட்டி, முழங்கையால் முன்னும் பின்னுமாக உருட்டினாள். நூறு தரம் உருட்டித் திறந்து, திருப்பி வைத்து இன்னும் நூறு தரம். நானூறு எண்ணிய பிறகு பார்த்தால் மயிரைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு தடித்த துணி இருந்தது. இழுத்தேன், பிரியவில்லை. ஓரத்தை வெட்டிப் பொலித்தீனை எடுத்துவிட்டு, காலில் மாட்டிச் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் மாறி மாறி ஊற்ற அது சுருங்கிக் காலைப் பிடித்தது. தையல் ஒன்றுகூட இல்லை. வேலை செய்பவள் எனது தங்கை என்பதை மறந்து நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அல்த்தாய் மலையில் பசிரிக் என்னும் இடத்திலே உறைபனிக்குள் கிடந்த பழங்குடித் தலைவர்களின் கல்லறைகளை 1947க்கும் 1949க்கும் இடையில் ருதென்கோ என்ற ருஷ்ய ஆய்வாளர் அகழ்ந்தபோது, இதே முறையில் செய்த சுவர்விரிப்பும், மயிரை அடைத்துச் செய்த அன்னப்பறவைகளும் கிடைத்தன. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குமேல் பனி காத்து வைத்திருந்தவை. இன்று சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ஹெர்மிற்றேஜ் அரும்பொருளகத்தில் இருக்கின்றன. கிர்கிஸ் மக்களின் இவ்வகைக் கம்பளங்களை 2012இல் யுனெஸ்கோ அழியும் நிலையிலுள்ள மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இந்த விவரங்களை எல்லாம் நான் பின்னர் தேடி வாசித்தேன். அன்றைக்கு என் கண்ணில் பட்டது வேறு.

வேலிக்கு அப்பால் பக்கத்து வளவுப் பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் 2009இல் இல்லாமற் போனவன். இரண்டு பிள்ளைகள். பதினான்கு செம்மறி. ஆடு வாங்கிய பணம் நுண்கடன். கிழமைக்கு ஒருதரம் மோட்டார் சைக்கிளில் ஆள் வந்துவிடும். அவள் செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரீச்சர், எங்கட ஆட்டு மயிரிலயும் இது செய்யேலுமோ?"

"ஏன் ஏலாது? செம்மறிதானே" என்றேன் நான். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததை நான் கவனித்திருக்க வேண்டும்.

அன்றிரவே நான் ஒரு விண்ணப்பம் எழுதினேன். எங்கள் பகுதியில் வாழ்வாதார உதவி செய்துவந்த ஓர் அமைப்புக்கு. அதன் பெயர் இங்கு வேண்டாம். நமது மாவட்டத்தின் பெயரிலேயே முல்லை இருக்கிறது, முல்லையின் மக்கள் ஆயர், ஆயரின் தொல்தொழிலை மீட்கப்போகிறோம் என்று வரிக்கு வரி அலங்காரம். மாதரி வீட்டில் கண்ணகி தங்கியதையும், நந்திக்கடற்கரையில் இடைச்சிறுவரிடம் அவள் கிழவியாக வந்து தலைபார்க்கச் சொன்ன வற்றாப்பளைக் கதையையுங்கூட எழுதினேன் என்றால் பாருங்கள். இருபது பெண்கள், மூன்று மாதப் பயிற்சி, வெளிநாட்டுச் சந்தை. மூன்றாம் நாளே சாதகமான பதில் வந்துவிட்டது.

நான்காம் நாள் ஆட்டைப் பிடித்து மயிர் கத்தரித்தோம். பிள்ளை காலைப் பிடிக்க, தங்கை கத்தரித்தாள். கழுத்திலும் தொடையிலும் அடர்த்தியாக இருந்த இடமெல்லாம் வெட்டியும் பதினான்கு ஆட்டிலிருந்து ஒரு தலையணைக்குக்கூடக் காணாது. வாரினோம், பரப்பினோம், தெளித்தோம், தேய்த்தோம். பாயிலே சுருட்டி நானூறு தரம் உருட்டினோம். திறந்தால் வைக்கோலை நனைத்து வைத்ததுபோல மயிர் மயிராகவே கிடந்தது. இன்னும் நானூறு. பிள்ளையே பாயைப் பறித்துக்கொண்டு உருட்டினாள். முழங்கை உரஞ்சிச் சிவந்துவிட்டது. கையில் அள்ளினால் விரலுக்குள்ளால் ஒழுகியது. நோர்வே மயிரில் பாதி கலந்து பார்த்தோம். அந்த மயிர் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது. எங்கள் ஆட்டு மயிர் மட்டும் முள்ளம்பன்றி முள்போல வெளியே குத்திக்கொண்டு நின்றது.

காரணத்தைத் தங்கை அப்போதுதான் சொன்னாள். கம்பளி மயிரைப் பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் மேற்பரப்பில் ஓடு வேய்ந்ததுபோலச் செதில் செதிலாக இருக்கும். ஓட்டின் விளிம்பெல்லாம் மயிரின் நுனிப் பக்கம் பார்த்தபடி. சூடும் சவர்க்காரமும் படும்போது செதில் விரியும். தேய்க்கும்போது மயிர் ஒரு திசையில் நகரும், திரும்பி வரமுடியாது. அப்படியே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பூட்டிக்கொள்ளும். அதற்கு மயிர் மெல்லியதாகவும் சுருண்டதாகவும் இருக்கவேண்டும். மெரினோ ஆட்டின் மயிர் இருபது மைக்ரோன் அளவு. நமது தலைமயிரின் மூன்றில் ஒரு பங்கு தடிப்புக்கூட வராது. எங்கள் நாட்டு வடபகுதிச் செம்மறிக்கு, யாழ்ப்பாணச் செம்மறி என்று பெயர் பெற்ற அந்த இனத்துக்கு, இருப்பது கம்பளி அன்று. வெள்ளாட்டுக்கு இருப்பது போன்ற வெறும் மயிர். தடித்தது, நேரானது, உள்ளே பொள்ளலானது, செதில் படிந்து வழுவழுத்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த இனம் என்று கருதப்படுவது. இந்த வெயிலில் கம்பளி சுமந்தால் அது செத்துப்போகும். சுமக்காததினாலேதான் பங்குனி வெயிலிலும் வயல்வெளியிலே நின்று மேய்கிறது.

தமிழ்நாட்டிலும் அநேகமாக இப்படித்தான். மேச்சேரி ஆடு தோலுக்குப் பெயர்போனது. சென்னைச் சிவப்பும் கீழக்கரிசலும் மயிராடுகள். 1990இல் அகதியாகப் போய் இரண்டரை வருடம் திருச்சி மாவட்டத்தில் இருந்தபோது, கருங்குறும்பை என்ற கறுத்த ஆட்டை நானே கண்டிருக்கிறேன். அதற்குக் கம்பளி உண்டு, ஆனால் கரடு. குறும்பர் அதை வருடத்தில் இருமுறை கத்தரித்து, நூற்று, குழித்தறியில் நெய்து, புளியங்கொட்டைப் பசை போட்டு விறைப்பாக்குவார்கள். ஒரு கிழவர் அந்தக் கம்பளியைத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்துபோனது நினைவிருக்கிறது. நல்ல மெல்லிய கம்பளி வேண்டுமானால் நீலகிரிக்கு ஏறவேண்டும். அங்குள்ள ஆடும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் மெரினோவையும் செவியட்டையும் கோயம்புத்தூர் ஆட்டோடு கலந்து உண்டாக்கியது. கண்டிருந்தும், 'செம்மறிதானே' என்று வேலிக்கு மேலால் நான் சொன்ன சொல்லை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் அறுவை வீதி வருகிறது. நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் அங்கே அடுக்கியிருக்கின்றன. அந்த மயிர் எது என்று உரைகாரர் தேடிப் போய் எலிமயிரில் நிற்கிறார். சிந்தாமணியிலோ நெருப்பை உண்கிற செவ்வெலியின் மயிரால் ஆன கம்பலம் பேசப்படுகிறது. எலியைச் சொன்னவர்களுக்கு ஆட்டைச் சொல்லத் தோன்றாதது ஏன்? அவர்கள் வாசலில் நின்ற ஆட்டுக்கு உரிக்கத் தோல் இருந்தது, நெய்ய மயிர் இருக்கவில்லை என்பது எனது எண்ணம். இலக்கண வித்துவான்கள் மறுக்கலாம். இடைக்காடனாரின் இடையன் தனது சாமான்களைத் தோலில்தான் கட்டுகிறான். மழைக்குப் பனையிடம்தான் போகிறான். அந்த இரண்டு பொருளும் அவனுடைய ஆடு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகின்றன. புலவர் தமது கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார். நான் முப்பத்தொரு வருடம் அதைக் காணாமல் படிப்பித்திருக்கிறேன்.

விண்ணப்பத்துக்கு வருவோம். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அங்கிருந்த அலுவலர் நல்ல மனிதர். "அதுக்கென்ன ரீச்சர், மயிரை வெளியிலிருந்து எடுப்பம். பயிற்சி நடக்கட்டும். பங்குபற்றுகிறவைக்குச் சாப்பாடும் போக்குவரத்துப் படியும் இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது எங்கள் பொதுநோக்கு மண்டபத்தின் பின்னறை என் கண்முன் வந்தது. மெழுகுதிரி அச்சுகள், காளான் தட்டுகள், யாரும் மிதிக்காத தையல் இயந்திரங்கள், ஒவ்வொரு பயிற்சியும் விட்டுப்போனவை. வெளிநாட்டிலிருந்து மயிரை இறக்கி, எங்கள் வெயிலில் வைத்து உருட்டி, திரும்ப வெளிநாட்டுக்கே செருப்பாக ஏற்றுவது; திட்டப் பணம் முடிகிற நாளில் அந்த இருபது பெண்களும் வெறுங்கையோடு நிற்பது. நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் பிள்ளை வேலியடிக்கு வந்தாள்.

"மறுத்துப்போட்டீங்களாமே ரீச்சர்."

"ஓம் பிள்ளை. மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன செய்வீங்கள்?"

"அந்த மூன்று மாதம் படி வந்திருக்கும். மூன்று மாதம் கிழமைக் காசு கட்டியிருப்பன்."

எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. மறுக்க எனக்கு இயலும். தங்கை புறப்பட்டபோது பிள்ளை வந்து நின்றாள், அவளோடு பேசினாள், என்னோடு பேசவில்லை. நெடுநாள் அப்படித்தான் போயிற்று. ஆடு என் வளவுக்குள் வந்தால்கூட மகனை அனுப்பித்தான் துரத்துவாள்.

2021ஆம் ஆண்டு சித்திரையில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை என்று அரசு அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கார்த்திகையில் தடையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் வயல் பட்ட பாடு எல்லாரும் அறிந்தது. அந்தச் சில மாதங்கள் எங்கள் பக்கத்தில் ஆட்டெரு தேடாத கமக்காரன் இல்லை. ஆட்டெருவின் அருமை தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரர். நாங்கள் வயலுக்கு உரப்பையை நம்பி அதை மறந்துபோயிருந்தோம். பிள்ளையின் பட்டியை இரவில் தங்கள் காணியில் அடைக்கச் சொல்லி ஆட்கள் வந்து கேட்டார்கள். ஒரு காணியில் நாலு இரவு, அடுத்த காணியில் நாலு இரவு. அதனால் கடன் முழுக்கத் தீர்ந்ததென்று சொன்னால் பொய்யாகும். இரண்டு கடனில் ஒன்று அடைந்தது. ஆடு இருபத்தொன்றாகியது. அந்த நாட்களில் ஒரு காலை, குழையோடு சேர்த்து ஒரு சாக்கு எருவைக் கொண்டுவந்து என் மாமரத்தடியில் கொட்டிவிட்டு, "மரம் காய்க்கேல்லை எண்டீங்கள்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

தங்கை செய்த செருப்பு எங்கள் வெயிலில் யாருடைய காலுக்கும் ஆகவில்லை. கம்பளி சூட்டைக் கடத்தாது என்பதால் சோற்றுப்பானை இறக்கும் பிடிதுணியாக அடுப்படியில் இருக்கிறது. பன்பாயில் இன்னும் ஆட்டு மணம் போகவில்லை. பாய் இழைத்த ஆச்சிக்கு நடந்ததைச் சொன்னேன். "மழைக்குப் போர்க்க மயிரேன், பாயைத் தலையில போட்டாக் காணாதே" என்று சிரித்தார். அவர் நற்றிணை வாசித்தவர் அல்லர்.

சென்ற மார்கழியில் ஒரு நாள், நாலு மணி இருக்கும், தூறிக்கொண்டிருந்தது. குளக்கட்டுப் பக்கம் நடந்து போனேன். பிள்ளை வெளியில் ஆட்டோடு நின்றாள். உரப்பையின் ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளிக் கூடுபோல மடித்துத் தலையிலிருந்து முதுகுக்கு விட்டிருந்தாள். காற்று வடகிழக்கிலிருந்து வந்ததால் வலப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது, இடப்பக்கம் காய்ந்திருந்தது. தடியை ஊன்றி ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் முட்டுக்கொடுத்து நின்றாள். என்னைக் கண்டதும் வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டு, "மழைக்குள்ள எங்க போறீங்கள் ரீச்சர், நனையாதேங்கோ, இந்தாங்கோ" என்று தோளில் வைத்திருந்த இன்னொரு உரப்பையை நீட்டினாள். வாங்கி அவள் காட்டியபடி மடித்துப் போட்டுக்கொண்டேன். யூரியா மணம். ஆடுகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயத் தொடங்கின.